காயலான் கடைக்குத் தப்பிய ரயில் என்ஜின்கள்!



ரயில் விளையாட்டு விளையாடியிருக்கிறீர்கள் அல்லவா? முன்னால் நிற்பவரின் சட்டையைப் பின்னால் நிற்பவர் பிடித்துக்கொள்ள, எல்லோரும் வரிசையாக ஓடுவீர்கள். அப்போது வாயால் என்ன சத்தம் எழுப்புவீர்கள்? "கூ... குச்... குச்... குச்... குச்..." இதுதானே!

ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். இப்போது ஓடும் மின்சார ரயில் இப்படிச் சத்தம் போடுவதில்லை. டீசல் என்ஜினும் இப்படிச் சத்தம் போடாது. நீராவி என்ஜினை உங்களில் பலர் நேரில் பார்த்திருக்கவே மாட்டீர்கள். ஆனாலும், அதன் சத்தம் மட்டும் உங்கள் வாயில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது!

குழந்தைகளுக்கு மட்டும்தான் இந்த ஆசை என்று நினைக்காதீர்கள். பல நாடுகளில் பெரியவர்களும் இந்தப் பழைய என்ஜின்கள் மீது உயிரையே வைத்திருக்கிறார்கள். விடுமுறை நாளில் கரியும் எண்ணெயும் படிந்த உடையோடு, சம்பளம் எதுவும் வாங்காமல், என்ஜினைத் துடைக்கிறார்கள், பழுது பார்க்கிறார்கள், ஓட்டுகிறார்கள்.

அவர்களுக்கு மிகவும் பிடித்த என்ஜின்கள் எவை? அவை ஏன் மறக்க முடியாதவை ஆயின? வேகமாக ஓடியதாலா? பெரிதாக இருந்ததாலா? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'குச்... குச்...' எங்கிருந்து வருகிறது?

முதலில் நீராவி என்ஜின் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்வோம்.

அடுப்பில் சோற்றுப் பானை கொதிக்கும்போது மூடி 'டக் டக்' என்று ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஆவியானால் அதற்கு மிக அதிக இடம் வேண்டும். இடம் கொடுக்காமல் அடைத்து வைத்தால் அது முட்டித் தள்ளும். அந்தத் தள்ளும் சக்திதான் ரயிலை இழுக்கிறது.

என்ஜினில் நீளமாக உருண்டையாகத் தெரிகிறதே, அதுதான் கொதிகலன். அதன் பின்பக்கம் பெரிய அடுப்பு இருக்கும். அதில் நிலக்கரியை வாரிப் போடுபவர் பயர்மேன். அடுப்பின் சூட்டில் தண்ணீர் கொதித்து ஆவியாகும். அந்த ஆவி குழாய் வழியாக சிலிண்டருக்குள் போய், அங்கே இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். முதலில் ஒரு பக்கத்திலிருந்து ஒரு தள்ளு. பிறகு மறுபக்கத்திலிருந்து ஒரு தள்ளு. பிஸ்டன் முன்னும் பின்னும் போய்வர, அதோடு இணைந்த இரும்புத் தண்டு சக்கரத்தைச் சுற்றும்.

தள்ளி முடித்த ஆவி என்ன ஆகும்? புகைபோக்கி வழியாக வெளியே பாயும். அப்படிப் பாயும்போது எழும் சத்தம்தான் 'குச்'!

இரண்டு சிலிண்டர் உள்ள என்ஜினில் சக்கரம் ஒரு முறை சுற்றினால் நான்கு 'குச்' கேட்கும். மூன்று சிலிண்டர் இருந்தால் ஆறு 'குச்' கேட்கும். அதனால்தான் நன்றாகப் பழகியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டே, 'இது இன்ன வகை என்ஜின்' என்று சொல்லிவிடுகிறார்கள். நம் வீட்டு வாசலில் வந்து நிற்பது அப்பாவின் வண்டியா, பக்கத்து வீட்டு மாமாவின் வண்டியா என்று சத்தத்தை வைத்தே நீங்கள் சொல்வதில்லையா? அதுபோலத்தான்.

போட்டியில் வென்ற மஞ்சள் ராக்கெட்!

ராக்கெட் என்றதும் ஆகாயத்தைப் பார்க்காதீர்கள். இது தண்டவாளத்தில் ஓடிய ராக்கெட்!

1829-ம் ஆண்டு. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்துக்கும் மான்செஸ்டர் நகரத்துக்கும் இடையே ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதை தயாராகிறது, ஆனால் வண்டியை எதைக் கொண்டு இழுப்பது? குதிரையா? ஆங்காங்கே நிறுத்தி வைத்த இயந்திரங்களால் கயிறு கட்டி இழுப்பதா? அல்லது ஓடும் என்ஜினா? இந்தக் கேள்விக்கு விடை காண ரெயின்ஹில் என்ற இடத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். பரிசு 500 பவுண்டு. அந்தக் காலத்தில் அது மிகப் பெரிய தொகை.

நிபந்தனை என்ன தெரியுமா? தன் எடையைப் போல மூன்று மடங்கு பாரத்தை இழுக்க வேண்டும். மணிக்குச் சராசரியாக 16 கிலோமீட்டர் வேகத்திலாவது போக வேண்டும். சிறிய தூரத்தில் முன்னும் பின்னுமாகப் பல முறை ஓடிக் காட்டவும் வேண்டும்.

ஐந்து வண்டிகள் களத்துக்கு வந்தன. அவற்றில் 'சைக்கிளோபெட்' என்ற வண்டியில் என்ஜினே இல்லை! வண்டிக்குள் ஒரு குதிரை பட்டையின் மீது நடக்க, அதனால் சக்கரம் சுற்றும். பாவம், பலகை உடைந்து குதிரையின் கால் உள்ளே போய்விட, அது போட்டியிலிருந்து விலகியது. 'நாவல்டி' என்ற என்ஜின் அழகாகவும் வேகமாகவும் ஓடி மக்களின் மனத்தைக் கவர்ந்தது. ஆனால், திரும்பத் திரும்பப் பழுதாகி நின்றுவிட்டது.

கடைசி வரை சளைக்காமல் ஓடியது ராக்கெட் மட்டுமே! அதன் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 48 கிலோமீட்டர். இதைச் செய்தவர் ராபர்ட் ஸ்டீபன்சன். அப்போது அவருக்கு வயது 25. அவருடைய தந்தை ஜார்ஜ் ஸ்டீபன்சனும் புகழ் பெற்ற பொறியாளர். சுரங்கத் தொழிலாளியின் மகனான ஜார்ஜ், இளைஞரான பிறகுதான் இரவுப் பள்ளிக்குப் போய் எழுதப் படிக்கக் கற்றவர்.

ராக்கெட் வென்ற ரகசியம் அதன் வயிற்றில் இருந்தது. அதுவரை வந்த என்ஜின்களில் கொதிகலன் நடுவே ஒன்றிரண்டு பெரிய குழாய்கள் மட்டுமே இருக்கும். அவற்றின் வழியாக அனல் போகும். ராக்கெட்டிலோ 25 செப்புக் குழாய்கள்! இதனால் என்ன லாபம்? அம்மா முழு உருளைக்கிழங்கை அப்படியே வேக வைத்தால் நேரமாகும். துண்டு துண்டாக நறுக்கிப் போட்டால் சீக்கிரம் வெந்துவிடும். சூடு படும் பரப்பு அதிகம் என்பதே காரணம். அதே கணக்குதான் இங்கும். குழாய்கள் அதிகம், தண்ணீரில் சூடு படும் பரப்பு அதிகம், ஆவியும் அதிகம்!

இன்னொரு தந்திரமும் உண்டு. வேலை முடிந்த ஆவியை வீணாக்காமல் புகைபோக்கிக்குள் பாய்ச்சினார்கள். அது வேகமாக வெளியேறும்போது, அடுப்பிலிருந்து புகையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். உடனே அடுப்புக்குள் புதுக் காற்று புகும்; நெருப்பு கொழுந்துவிட்டு எரியும். கொல்லன் பட்டறையில் துருத்தி செய்யும் வேலையை இங்கே 'குச்... குச்...' செய்தது. என்ஜின் கஷ்டப்பட்டு இழுக்க இழுக்க, நெருப்பும் தானாகவே அதிகமாகும். என்ன அருமையான ஏற்பாடு பார்த்தீர்களா!

அதற்குப் பின் உலகமெங்கும் வந்த நீராவி ரயில் என்ஜின்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு வழிகளையும்தான் பின்பற்றின. ராக்கெட் ஓய்வு பெற்ற பிறகு, 1862-ம் ஆண்டு லண்டனில் ஓர் அருங்காட்சியகத்துக்குத் தரப்பட்டது. அதற்குள் அதன் பல பாகங்கள் மாறியும் காணாமலும் போயிருந்தன. மீதி இருந்ததையாவது காப்பாற்றினார்களே! பிரிட்டனில் அது இன்றும் பத்திரமாக இருக்கிறது.

ஊர் சுற்றிய ஸ்காட்ஸ்மேன்!

பிரிட்டனில் எந்த ரயில் ரசிகரைக் கேட்டாலும் சொல்லும் பெயர் 'பிளையிங் ஸ்காட்ஸ்மேன்'. 'பறக்கும் ஸ்காட்லாந்துக்காரர்' என்று பொருள். நைஜல் கிரெஸ்லி என்ற பொறியாளர் வடிவமைத்து, டான்காஸ்டர் பணிமனையில் 1923-ம் ஆண்டு உருவானது. பச்சை வண்ணம், ஆள் உயரத்தை மிஞ்சும் பெரிய சக்கரங்கள், மூன்று சிலிண்டர்!

1928-ம் ஆண்டு மே 1-ம் தேதி லண்டனிலிருந்து எடின்பரோ வரை, ஏறக்குறைய 632 கிலோமீட்டர் தூரம், எங்குமே நிற்காமல் இது ரயிலை இழுத்துச் சென்றது. கிட்டத்தட்ட சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் தூரம்!

நிற்காமல் போனால் தண்ணீருக்கு என்ன செய்வது? தண்டவாளங்களுக்கு நடுவே சில இடங்களில் நீளமான தண்ணீர்த் தொட்டிகளை அமைத்திருந்தார்கள். என்ஜின் அதன் மேல் ஓடும்போதே, அடியில் இருக்கும் அகப்பை போன்ற ஒன்றை இறக்கித் தண்ணீரை மொண்டுகொள்ளும்!

சரி, டிரைவரும் பயர்மேனும் எட்டு மணி நேரம் ஓய்வே இல்லாமல் வேலை செய்ய முடியுமா? அதற்கும் வழி கண்டார்கள். என்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் வைக்கும் டெண்டர் என்ற வண்டி இருக்கும். அதன் ஓரத்தில் ஒருவர் மட்டும் குனிந்து போகும் அளவுக்குக் குறுகலான நடைபாதை வைத்தார்கள். பாதி வழியில், பெட்டியில் ஓய்வெடுத்த இன்னொரு டிரைவரும் பயர்மேனும் அந்தச் சந்து வழியாக வந்து வேலையை ஏற்றுக்கொள்வார்கள். ரயில் ஓடிக்கொண்டே இருக்கும்.

1934-ம் ஆண்டு இந்த என்ஜின் மணிக்கு 100 மைல், அதாவது சுமார் 161 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. முறையாக அளந்து பதிவு செய்யப்பட்ட வகையில், நீராவி என்ஜின் ஒன்று அந்த வேகத்தைத் தொட்டது அதுவே முதல் முறை.

இவ்வளவு பெருமை இருந்தும் என்ன? டீசல் என்ஜின்கள் வந்தன. 1963-ம் ஆண்டு ஸ்காட்ஸ்மேனுக்கு வேலை போனது. அடுத்து எங்கே? காயலான் கடைதான்! உடைத்து உருக்கி இரும்பாக்கிவிடுவார்கள்.

அப்போது ஒருவர் முன்வந்தார். அவர் பெயர் ஆலன் பெக்ளர். 1924-ம் ஆண்டு லண்டன் வெம்ப்ளியில் நடந்த கண்காட்சியில் இந்த என்ஜினைப் பார்த்தபோது அவர் நான்கு வயதுச் சிறுவன். அந்தச் சிறுவன் பெரியவனாகி, 3,000 பவுண்டு கொடுத்து அந்த என்ஜினையே வாங்கிவிட்டார்!

கதை அத்தோடு முடியவில்லை. 1969-ம் ஆண்டு அவர் ஸ்காட்ஸ்மேனை அமெரிக்காவுக்கு அழைத்துப் போனார். செலவு கட்டுக்கடங்காமல் போய், கடைசியில் அவர் திவாலானார். என்ஜின் கடல் கடந்த நாட்டில் மாட்டிக்கொண்டது. 1973-ம் ஆண்டு வில்லியம் மெக்ஆல்பைன் என்ற தொழிலதிபர் அதை வாங்கி, கப்பலில் ஏற்றி, பனாமா கால்வாய் வழியாக நாட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தார். பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் போய் ஓடிவிட்டு வந்தது. 1989-ம் ஆண்டு அங்கே 679 கிலோமீட்டர் நிற்காமல் ஓடி, நீராவி என்ஜின்களில் சாதனை படைத்தது.

2004-ம் ஆண்டு ஸ்காட்ஸ்மேன் மறுபடியும் விற்பனைக்கு வந்தது. இம்முறை பொதுமக்களே திரண்டு நன்கொடை அளித்தார்கள். பிரிட்டனின் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் அதை வாங்கியது. பல ஆண்டுகள் பழுது பார்த்து, 2016-ம் ஆண்டு மீண்டும் ஓடவிட்டார்கள். வழிநெடுக மக்கள் கூடி நின்று கையசைத்தார்கள்.

சோம்பு வாசனை அடித்தால் ஆபத்து!

அதே நைஜல் கிரெஸ்லியின் இன்னொரு படைப்பு 'மல்லார்டு'. மல்லார்டு என்றால் ஒரு வகைக் காட்டு வாத்து. பறவைகள் மீது பிரியம் கொண்ட கிரெஸ்லி, இந்த வகை என்ஜின்கள் பலவற்றுக்குப் பறவைகளின் பெயரையே வைத்தார். நீல நிறத்தில், முன்பக்கம் சரிந்து, காற்றைக் கிழித்துப் போகும் வடிவில் இருக்கும்.

அப்போது ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் வேகத்தில் கடும் போட்டி. 1936-ம் ஆண்டு ஜெர்மனியின் நீராவி என்ஜின் ஒன்று மணிக்கு 200.4 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியிருந்தது.

1938-ம் ஆண்டு ஜூலை 3-ம் தேதி மல்லார்டு ஏழு பெட்டிகளுடன் புறப்பட்டது. ஓட்டியவர் ஜோசப் டடிங்டன், வயது 61. கரி போட்டவர் தாமஸ் பிரே. ஸ்டோக் பாங்க் என்ற சரிவில் இறங்கும்போது வேகம் ஏறிக்கொண்டே போனது. மணிக்கு 126 மைல், அதாவது ஏறக்குறைய 203 கிலோமீட்டர்! ஜெர்மனியின் சாதனை முறிந்தது. நீராவி ரயில் என்ஜின்களில் உலகச் சாதனையாக இன்று வரை இருப்பது அதுவே.

இந்த என்ஜினில் ஒரு வேடிக்கையான ஏற்பாடு உண்டு. நடு சிலிண்டரின் தண்டு சக்கரத்தோடு சேரும் இடத்தில் ஒரு பெரிய பேரிங் இருக்கும். அது அளவுக்கு மீறிச் சூடானால் ஆபத்து. ஆனால், அது உள்ளே மறைந்திருப்பதால் டிரைவரின் கண்ணுக்குத் தெரியாது. என்ன செய்தார்கள் தெரியுமா? சோம்பு வாசனை கொண்ட ஒரு திரவத்தைச் சிறு குப்பியில் அடைத்து அங்கே பொருத்தினார்கள். பேரிங் சூடேறினால் குப்பி வெடித்து, 'கம்'மென்று சோம்பு வாசனை வீசும். 'அடடா, ஆபத்து!' என்று டிரைவர் தெரிந்துகொள்வார். மூக்கால் பழுதைக் கண்டுபிடிக்கும் வித்தை!

சாதனை ஓட்டத்திலும் அந்த பேரிங்தான் சூடாகிக் கெட்டுப்போனது. மல்லார்டு பீட்டர்பரோ வரை மெதுவாக வந்து நின்றுகொண்டது. பழுது நீக்கப்பட்டு, அதன் பிறகும் 1963-ம் ஆண்டு வரை உழைத்தது.

இந்த வகையில் மொத்தம் 35 என்ஜின்கள் செய்தார்கள். ஆறு மட்டுமே தப்பின. அவற்றில் ஒன்று அமெரிக்காவிலும் ஒன்று கனடாவிலும் இருக்கின்றன. சாதனையின் 75-வது ஆண்டான 2013-ல் அந்த இரண்டையும் கடல் வழியே வரவழைத்து, யார்க் நகரத்து அருங்காட்சியகத்தில் ஆறையும் ஒன்றாக நிறுத்தினார்கள். பிரிந்த குடும்பம் ஒன்று சேர்ந்ததைப் போலக் கூட்டம் அலைமோதியது!

சாக்பீஸ் வைத்த பெயர்!

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே மலைப்பகுதியில் மிக நீண்ட சரக்கு ரயில்களை இழுக்க ஓர் அரக்கன் தேவைப்பட்டான். 1941-ம் ஆண்டு முதல் 1944-ம் ஆண்டு வரை அப்படி 25 அரக்கர்களைச் செய்தார்கள். டெண்டரோடு சேர்த்து நீளம் சுமார் 40 மீட்டர், எடை 500 டன்னுக்கும் மேல். இழுக்கும் சக்கரங்கள் மட்டும் 16!

இவ்வளவு நீளமான என்ஜின் வளைவில் எப்படித் திரும்பும்? அதன் அடிப்பகுதியை இரண்டாகப் பிரித்து, நடுவில் கீல் போல இணைத்திருந்தார்கள். நம் வீட்டுக் கதவில் கீல் இருக்கிறதே, அதுபோல முன்பகுதி தனியாகத் திரும்பும்.

இதற்கு வேறு பெயர் வைக்க எண்ணியிருந்தார்களாம். ஆனால், செய்துகொண்டிருந்தபோதே யாரோ ஒரு தொழிலாளி சாக்பீஸால் அதன் முகத்தில் 'பிக் பாய்' என்று எழுதிவிட்டார். 'பெரிய பையன்'! அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. எழுதியவர் யார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

எட்டு பிக் பாய்கள் தப்பின. எல்லாம் காட்சிப் பொருளாகவே நின்றன. அவற்றில் 4014 என்ற எண்ணுள்ள என்ஜின் 50 ஆண்டுகளுக்கு மேல் கலிபோர்னியாவில் சும்மா நின்றது. அதைத் திரும்ப வாங்கி, பிரித்து, பழுது பார்த்து, 2019-ம் ஆண்டு ஓடவிட்டார்கள். நான்கு சிலிண்டர்கள் இரண்டு அணியாக வேலை செய்வதால், அதன் 'குச்... குச்...' சில நேரம் ஒன்றாகச் சேர்ந்தும், சில நேரம் பிரிந்தும் கேட்கும்.

இல்லாத என்ஜினை உருவாக்கியவர்கள்!

இதுவரை தப்பித்த என்ஜின்களைப் பார்த்தோம். தப்பிக்க முடியாமல் போனவையும் உண்டே!

1948, 1949-ம் ஆண்டுகளில் பிரிட்டனில் 'ஏ1' என்ற வகையில் 49 என்ஜின்கள் செய்தார்கள். பெப்பர்கார்ன் என்பவரின் வடிவமைப்பு. நல்ல உழைப்பாளிகள். ஆனால், 1966-ம் ஆண்டுக்குள் 49-ம் காயலான் கடைக்குப் போய்விட்டன. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

'ஐயோ, ஒன்றையாவது வைத்திருக்கக் கூடாதா?' என்று ரசிகர்கள் வருந்தினார்கள். வருந்தியதோடு நிற்கவில்லை. 1990-ம் ஆண்டு ஒன்று கூடி, 'ஐம்பதாவது என்ஜினை நாமே செய்வோம்!' என்று முடிவெடுத்தார்கள். பலரும் கேலி செய்திருப்பார்கள் அல்லவா? ஆனாலும், ஆளுக்குக் கொஞ்சமாக மாதந்தோறும் பணம் போட்டார்கள். அருங்காட்சியகத்தில் பழைய வரைபடங்கள் பத்திரமாக இருந்தன. அதைப் பார்த்து ஒவ்வொரு பாகமாகச் செய்தார்கள்.

கொதிகலன் மட்டும் ஜெர்மனியில் மைனிங்கன் என்ற ஊரின் பணிமனையில் தயாரானது. ஏனென்றால், நீராவிக் கொதிகலன் செய்யும் கலையை அங்கேதான் விடாமல் காப்பாற்றி வைத்திருந்தார்கள். வரைபடம் இருந்தால் மட்டும் போதாது. செய்யத் தெரிந்த கையும் வேண்டும்!

18 ஆண்டுகள் உழைப்பு. சுமார் 30 லட்சம் பவுண்டு செலவு. 2008-ம் ஆண்டு 'டோர்னேடோ' தண்டவாளத்தில் ஓடியது. டோர்னேடோ என்றால் சூறாவளி.

2009-ம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தில் கடும் பனி கொட்டியது. தண்டவாளத்தில் பனி உறைந்ததால் லண்டன் பக்கம் மின்சார ரயில்கள் பல நின்றுவிட்டன. அப்போது அந்த வழியாக வந்த டோர்னேடோ, வீடு போக முடியாமல் தவித்த சுமார் நூறு பேரை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்தது. அதற்குப் பனி ஒரு பொருட்டா என்ன? வயிற்றில்தான் நெருப்பு இருக்கிறதே!

நம் நாட்டு ராணியும் மலை ரயிலும்!

'இதெல்லாம் வெளிநாட்டுக் கதை. நம் நாட்டில்?' என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

1855-ம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்டு, கப்பலில் கொல்கத்தாவுக்கு வந்த என்ஜின் 'ஃபேரி குயின்'. தேவதை ராணி! 1909-ம் ஆண்டு ஓய்வு பெற்ற பிறகு நெடுங்காலம் காட்சிப் பொருளாகவே நின்றது. 1997-ம் ஆண்டு மீண்டும் ரயிலை இழுக்கத் தொடங்கியது. தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்த நீராவி ரயில் என்ஜின்களில் உலகிலேயே மிகப் பழையது என்று 1998-ல் கின்னஸ் புத்தகம் சான்று அளித்தது.

2011-ம் ஆண்டு ஒரு கொடுமை நடந்தது. ராணியின் பாகங்களை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு ராணிக்குச் சிகிச்சை எங்கே நடந்தது தெரியுமா? நம் சென்னைப் பெரம்பூர் லோகோ பணிமனையில்! தொலைந்த பாகங்களைப் புதிதாகச் செய்து பொருத்தினார்கள்.

ராணியோடு அதே 1855-ல் பிறந்த சகோதரி ஒன்றும் உண்டு. அதன் பெயர் 'எக்ஸ்பிரஸ்', இ.ஐ.ஆர். 21 என்றும் சொல்வார்கள். நூறு ஆண்டுக்கு மேல் அசையாமல் நின்ற இந்த என்ஜினையும் பெரம்பூர்த் தொழிலாளர்கள்தான் 2010-ம் ஆண்டு ஓட வைத்தார்கள். நமக்குப் பெருமைதானே!

அடுத்து, ஊட்டி மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். இதில் கல்லாறு முதல் குன்னூர் வரை ஏற்றம் மிகக் கடுமை. 12 அடி முன்னே போனால் 1 அடி மேலே ஏற வேண்டும்! வெறும் சக்கரம் வழுக்கிவிடும் அல்லவா? அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் பல்லாக வெட்டிய இரும்புச் சட்டம் பதித்திருக்கிறார்கள். என்ஜினின் அடியில் உள்ள பல்சக்கரம் அதைப் பற்றிப் பற்றி ஏறும். படி ஏறும் குழந்தை கைப்பிடியைப் பிடித்துக்கொள்வதைப் போல! என்ஜினில் நான்கு சிலிண்டர். இரண்டு சாதாரணச் சக்கரங்களுக்கு, இரண்டு பல்சக்கரங்களுக்கு. மலை ஏறும்போது என்ஜின் முன்னால் நின்று இழுக்காது. பின்னால் நின்று தள்ளும்.

'எக்ஸ்' வகை எனப்படும் இந்த என்ஜின்கள் முதலில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தன. அவை வயதாகித் தளர்ந்தபோது என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. திருச்சி பொன்மலைப் பணிமனை அதற்கு விடை சொன்னது. 2011-ம் ஆண்டு முதல் புத்தம் புதிய நீராவி என்ஜின்களையே அங்கே செய்து கொடுத்தார்கள்! டோர்னேடோ கதை நம் திருச்சியிலும் நடந்திருக்கிறது, பார்த்தீர்களா! 2005-ம் ஆண்டு யுனெஸ்கோ இந்த மலை ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

எது மறக்க முடியாதது?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். மல்லார்டு மிக வேகமானது. பிக் பாய் மிகப் பெரியது. ஆனால், ராக்கெட் இரண்டும் இல்லை. நம் ஊட்டி ரயிலோ, மெதுவாகத்தான் ஊர்ந்து போகும். இருந்தும் எல்லாவற்றையும் ரசிகர்கள் கொண்டாடுகிறார்களே, ஏன்?

ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் மண்டையைக் குடைந்து கண்டுபிடித்த விடை ஒன்று இருக்கிறது. 25 குழாய்கள், ஓடும்போதே தண்ணீர் மொள்ளும் அகப்பை, சோம்புக் குப்பி, கீல், பல்சக்கரம்... இவை எதுவும் மூடி மறைக்கப்பட்ட மந்திரம் அல்ல. பார்த்தால் புரியும், கேட்டால் புரியும், சோம்புக் குப்பியைப் போல மோந்து பார்த்தாலும் புரியும்!

இன்னொன்றும் இருக்கிறது. இவற்றில் ஒன்றுகூடத் தானாகத் தப்பவில்லை. நான்கு வயதில் பார்த்ததை மறக்காத ஒருவர், மாதந்தோறும் கொஞ்சம் பணம் போட்ட பலர், பெரம்பூரிலும் பொன்மலையிலும் சம்மட்டி பிடித்த தொழிலாளர்கள்... இவர்கள் இல்லை என்றால் நமக்கு மிஞ்சியிருப்பது வாயால் எழுப்பும் 'குச்... குச்...' மட்டும்தான்.

சென்னையில் இருப்பவர்களும் சென்னைக்கு வருபவர்களும், பெரம்பூர் ஐ.சி.எஃப். அருகே உள்ள ரயில் அருங்காட்சியகத்துக்குப் பெரியவர்களோடு போய்ப் பாருங்கள். என்ஜினின் அடுப்பு எங்கே, சிலிண்டர் எங்கே என்று நீங்களே கண்டுபிடியுங்கள். ஆனால், ரயில் பார்க்கும் ஆசையில் தண்டவாளத்தின் அருகே மட்டும் ஒருபோதும் போகக் கூடாது!

உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், நீராவி ரயிலில் போன அனுபவத்தைக் கேளுங்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கண்ணில் கரித்தூள் விழுந்த கதையை ஆசை ஆசையாகச் சொல்வார்கள். கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்தக் கதைகளும் காயலான் கடைக்குப் போய்விடக் கூடாது அல்லவா?

கடைசியாக ஒரு சின்னக் கணக்கு. மூன்று சிலிண்டர் கொண்ட டோர்னேடோவின் சக்கரம் 10 முறை சுற்றினால் எத்தனை 'குச்' கேட்கும்? விடையைச் சொல்லிவிட்டுத்தான் விளையாடப் போக வேண்டும், சரியா?